ஊமைச்சுனைக்கு வழி

திண்டுக்கல் டவுனுக்குள் குடித்த டீ எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. போடுகிறவன் மேல் தப்பு இல்லை, தண்ணீர் அப்படி. நீங்கள் வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஐயா. சூடாக இருக்கிறது, தொண்டை நனைகிறது, அது போதும். மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு, அதனால் இப்படித் துள்ளுகிறது.

ராமர் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். சொல்லத்தான் பஸ் ஏறி நானாகவே வந்திருக்கிறேன். ஆனால் ராமரிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஊமைச்சுனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏட்டையா நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

எங்கள் ஊர் நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. மாந்தோப்பும் புளியந்தோப்பும்தான் ஊர், நடுவில் கொஞ்சம் வீடுகள். ஊருக்கு நேர் மேலே, மலையின் இரண்டு முதுகுகளுக்கு நடுவே ஒரு ஏரி உண்டு. சுனை என்பது பெயருக்குத்தான், எங்கள் கண்மாயில் பாதி இருக்கும். அதற்குப் பாதை கிடையாது. எலுமிச்சை மூட்டை இறக்குகிற குதிரைகூட அந்தப் பக்கம் ஏறாது. ஓடைப் பாறைகளில் கையும் காலும் ஊன்றித் தொற்றி ஏறி, இண்டு முள்ளுக்குள் குனிந்து நுழைந்து, வழுக்குப் பாறையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விறகுக்குப் போகிறவர்களும் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள்.

ஐப்பசித் திருவிழாவில் எங்கள் அய்யனாருக்கு அந்தத் தண்ணீரில்தான் அபிஷேகம். வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு முறை வரும். முறைக்காரன் விடிகிற நேரத்தில் கோயிலில் வாய்க்கட்டுக் கட்டிக்கொள்வான், மஞ்சள் துணியை மூக்குக்குக் கீழே இறுக்கி. அதிலிருந்து, தண்ணீரோடு இறங்கி வந்து துணியை அவிழ்க்கிற வரைக்கும் பேச்சு கிடையாது. தனியாகத்தான் போக வேண்டும். முள் குத்தினாலும் 'அம்மா' என்று வாயைத் திறக்கக் கூடாது. அவனைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடவும் கூடாது. துணியை அவிழ்த்ததும் அவன் பேசுகிற முதல் பேச்சு பொய்யாக இருக்காது என்று ஊர் நம்புகிறது. அந்த ஒரு பேச்சில் வரப்புத் தகராறு தீர்ந்திருக்கிறது. ஆடு திருடியவன் ஒருவன் தானே ஒத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றதும் உண்டு.

பாதை இல்லாத மலையில் முன்பின் போயிராத ஆள் எப்படிப் போவான்? அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். வழி போடுவது எங்கள் வீட்டு வேலை. முந்தின நாள் நான் ஒருவனாக ஏறி, ஆள் தடுமாறக்கூடிய இடத்தில் எல்லாம் ஆவாரந்தழையை ஒரு கல்லுக்கு அடியில் செருகிவிட்டு வருவேன். நுனி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தச் சரிவில் ஆவாரை முளைப்பதில்லை, கீழேயிருந்தே கட்டித் தூக்கிக்கொண்டு போவேன், அதனால் மஞ்சள் பூவோடு கண்ணுக்குத் தனியாகத் தெரியும். முறைக்காரன் ஒவ்வொரு தழையையும் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவான். எங்கள் அப்பா போட்ட வழியிலும் சரி, நான் போட்ட வழியிலும் சரி, போன ஒருவனுக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போதும்தான்.

கருப்பாயி என் சம்சாரம். போன வருஷம், திண்டுக்கல்லைத் தனி மாவட்டம் ஆக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வைகாசியில், சோலைமலையின் தோப்புக் கேணியில் மிதந்தாள். அவள் பிறந்த வீடு தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போவதென்றால் தோப்புக்குள் புகுந்து குறுக்கே போவாள். சோலைமலை ஊரில் பெரிய தோப்புக்காரர், நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். காலையில் அவரே என் வாசலுக்கு வந்து சொன்னார்.

"அப்பு சடையாண்டி, ஒம் பொஞ்சாதி இம்புட்டு அவசரப்படும்னு யாரு கண்டா? கேணியில விழுந்திருச்சப்பா."

விழுந்திருச்சு என்ற ஒரு சொல் போதும், ஐயா. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. புருஷன் கொடுமை தாங்க மாட்டாமல் விழுந்தாள் என்று குழாயடியில் பேசினார்கள். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. எனக்கு ஒரே மகள், சூர்யகலா. சின்னாளபட்டியில் தறிக்குப் போகிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்க வந்து, அந்தச் சாவுக்கு முந்தின நாலு நாளும் வீட்டில்தான் இருந்தாள். சுடுகாட்டிலிருந்து நான் திரும்பி வரும்போது பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இனிமே அப்பான்னு எனக்கு வாயில வராது. என்னையப் பாக்க வராதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் போகாமல் இருப்பேனா? இரண்டு தடவை போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே வாசலில் நின்றேன். மருமகன் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பெற்ற பிள்ளை முகத்தைக் காட்டாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பிள்ளை குட்டிக்காரர்தான்.

கருப்பாயி கேணியில் விழுந்து சாகவில்லை. அவளைக் கிடத்தி முகம் துடைத்தவன் நான். வலது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு, வெந்துபோன கோடு. கணுக்காலுக்கு மேலே இன்னொன்று. காட்டுப்பன்றிக்காகத் தோப்பைச் சுற்றிக் கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து அதில் கரண்ட் விடுவது சோலைமலையின் பழக்கம். ஊரில் தெரியாதவர் இல்லை, கேட்டவரும் இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். கம்பியைச் சுருட்டிவிட்டார்கள், நட்ட குச்சிகள் மட்டும் நின்றன. கம்பியில் கிடந்தவளைத் தூக்கிக் கேணியில் போட்டிருக்கிறார்கள். பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருப்பாயி நல்ல கனம். சோலைமலை உர மூட்டையை நகர்த்தினாலே மூச்சு வாங்குகிறவர். இன்னொருவன் கால் பக்கம் பிடித்திருக்க வேண்டும்.

அது யார் என்றும் கொஞ்ச நாளில் தெரிந்தது. ராமர், சோலைமலையின் தம்பி. மோட்டார் போடுவது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் அவன்தான். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே."

"சொல்லுலே" என்றேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஒண்ணுமில்லண்ணே, வாரேன்" என்று போய்விட்டான். அதற்கப்புறம் எங்கள் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டான். எனக்கு அது போதுமான வாக்குமூலமாக இருந்தது. ஆனாலும் ராமர் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. ஏவின வேலையைச் செய்கிறவன், அவ்வளவுதானே.

அப்போதே ஸ்டேஷனுக்கு ஏன் வரவில்லை என்கிறீர்கள். நியாயம்தான். வந்திருந்தால் நீங்கள் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பீர்கள், எனக்கு அப்போது பதில் சொல்கிற தெம்பு இல்லை. அதோடு, நீங்கள் கொடுக்கக்கூடிய தண்டனை எனக்குப் பற்றாது. சோலைமலை எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கும்பிடு போடுவேன். போடும்போதே கண் அவர் குரல்வளையை அளந்துகொள்ளும். அவர் சாக வேண்டும், செத்த பிறகு ஊர் அவரைப் பற்றியும் குழாயடியில் பேச வேண்டும். இரண்டும் வேண்டியிருந்தது எனக்கு. இதையும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அதே வருஷம் ஐப்பசியில் முறை சோலைமலை வீட்டுக்கு வந்தது. நான் எதுவும் செய்யவில்லை, தானாக வந்தது. திருவிழாவுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வழிய நல்லாப் போடு அப்பு. செத்த நேரம் ஏறுனாலே எனக்கு முழங்காலு பிடிச்சுக்கிரும்."

"ஒங்களுக்குன்னு பாத்துப் போடுறேன்ணே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

வழுக்குப் பாறைக்குக் கீழே இரட்டைக் குண்டு என்று ஓர் இடம் இருக்கிறது, இரண்டு பெரிய பாறைகள். அதன் வலப்பக்கம் முள்ளுக்குள் நுழைந்து போனால் சுனைக்குப் போகலாம். பார்த்தால் நுழைய யாருக்கும் மனசு வராத வழி அது. இடப்பக்கம் விசாலமான விளிம்பு, புல், நல்ல காற்று. பார்த்தால் இதுதான் வழி என்று தோன்றும். ஆனால் ஒரு வளைவு தாண்டினதும் விளிம்பு குறுகிச் சாய்ந்துவிடும். மழைக்காலத்தில் மேலேயிருந்து நீர் கசிந்து பாசி பிடித்துக் கிடக்கும், மேலே சருகு மூடியிருப்பதால் பாசி தெரியாது. கீழே ஓடை விழுகிற கிடங்கு, பெரும்பள்ளம். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டைக்கூட அங்கே விட மாட்டார்கள். அந்த இடத்துத் தழையின் நுனியை மட்டும் இடப்பக்கம் திருப்பி வைத்தேன். ஒரே ஒரு தழை. மற்றதை எல்லாம் எப்போதும் போல ஒழுங்காகவே போட்டேன், என் வேலையில் நீங்கள் வேறு குறை கண்டுபிடிக்க முடியாது.

திருவிழா அன்று விடிவதற்கு முன்னால் வேறு பக்கமாக ஏறி, இரட்டைக் குண்டுக்கு மேலே ஒரு புதர் மறைவில் உட்கார்ந்துகொண்டேன். தழையைப் பிறகு திருப்பி வைக்க வேண்டுமே. அதோடு, அவர் முகத்தைப் பார்க்கவும் ஆசையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

வெயில் மரத்துக்கு மேலே வந்த நேரம், கீழே ஓடையில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் வேட்டி, வாயில் மஞ்சள் துணி, முதுகில் செப்புக் குடத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்கு நெஞ்சு சந்தோஷமாக அடித்துக்கொண்டது. பிறகுதான் பார்த்தேன், ஆள் வேகமாக ஏறுகிறான். முழங்கால் பிடித்துக்கொள்கிறவர் அப்படி ஏற மாட்டார். பாறை இடுக்கில் இடது கையை விட்டு உடம்பைத் தூக்கினான், வலது காலை மடக்கி மேலே வைத்தான், அடுத்த பாறைக்கு ஒரு தாவல். ராமர் இடது கைக்காரன். எங்கள் ஊரில் மண்வெட்டியை அப்படிப் பிடிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

இரட்டைக் குண்டுக்கு வந்தவன் நின்று மூச்சு வாங்கினான். வலப்பக்கம் குனிந்து பார்த்தான். அதற்கு முந்தின வருஷம் நான் வைத்த தழை காய்ந்து, வெறும் குச்சியாக அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட மறந்துவிட்டேன். குச்சியைப் பார்த்தான், புதுத் தழையைப் பார்த்தான், மறுபடி குச்சியைப் பார்த்தான். நான் இருந்த இடத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு வீடு நிற்கிற தூரம்தான். மெதுவாகச் சொன்னாலும் காதில் விழும்.

நான் கூப்பிடவில்லை. வாய்க்கட்டுக் கட்டினவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, ஐயா. தலைமுறை தலைமுறையாக வழி போடுகிற வீட்டில் பிறந்தவன் நான், அந்த வழக்கத்தை நானே மீறினால் எப்படி? ஒரு கல்லை உருட்டிவிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பானே என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். கல்லை உருட்ட வழக்கத்தில் தடை இல்லைதான். ஆனால் அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது என்றால், கால் பக்கம் பிடித்தவன் இவன்தானே என்பது மட்டும் தோன்றியது.

புதுத் தழையைக் கும்பிட்டுவிட்டு இடப்பக்கம் போனான்.

கத்தவில்லை. சருகு சரிகிற சத்தம், பிறகு குடம் பாறையில் மோதி மோதிக் கீழே போகிற சத்தம், அவ்வளவுதான். நான் இறங்கி வந்து தழையை வலப்பக்கம் திருப்பி வைத்தேன், காய்ந்த குச்சியைப் பிடுங்கித் தூர எறிந்தேன். அப்போது கிடங்கிலிருந்து டங், டங் என்று கேட்டது. குடத்தைக் கல்லில் தட்டுகிறான். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினான். ஆள் இருக்கிறான், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

வந்தது வந்தாயிற்று என்று நான் சுனைக்கு ஏறிப் போனேன். மழைக்குப் பிறகு அது நிறைந்து கிடந்தது. காற்றே இல்லை. கரையில் காட்டெருமை வந்து போன குளம்படிகளில்கூடத் தண்ணீர் தெளிந்து நின்றது. முகம் கழுவி, வயிறு முட்டக் குடித்தேன். கருப்பாயி செத்ததிலிருந்து தண்ணீருக்கு ருசி தெரிந்தது அன்றைக்குத்தான். இறங்கி வரும்போது தட்டுகிற சத்தம் இன்னும் வந்தது, ஆனால் மெலிந்துவிட்டது. நான் வேறு பக்கமாக ஊர் வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கோயிலில் ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் சூர்யகலா நின்றாள். அப்பாவைப் பார்க்க மனசு இறங்கி வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, அவளும் மலையைத்தான் பார்த்தாள். பொழுது சாய்ந்ததும் தேடப் போனோம். வழி தெரிந்தவன் நான்தானே, முன்னால் நடந்தேன். தழையெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. வழி சரியாகத்தானே இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிடங்குப் பக்கம் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். "தழைய விட்டுட்டு அங்கிட்டு எதுக்குய்யா போறான்?" என்றேன். மறுநாள்தான் அங்கே தேடினார்கள். வாய்த்துணி கட்டினபடியே இருந்தது.

மனசில் அழுக்கோடு ஏறினான், அய்யனார் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊர் பேசியது. குழாயடியிலும் பேசினார்கள். சோலைமலை வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆள் மாறினாலும் காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

கருமாதி முடிந்த பிறகு ராமரின் மனைவி முத்துப்பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்க மச்சாண்டாருக்குத்தாண்ணே மொறை. இவருதான் நான் போறேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. கீழ எறங்கித் துணிய அவுத்ததும், கருப்பாயி மதினி கேணியில விழுகல, கம்பியில பட்டுத்தான் செத்துச்சு, நானும் எங்க அண்ணனும்தான் தூக்கிப் போட்டோம்னு ஊருக்கு முன்னால சொல்லப் போறேன்னாரு. அதுக்குத்தாண்ணே ஒங்க மகளையும் ஆளு விட்டு வரச் சொன்னாரு."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் அந்தக் குடச் சத்தத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். துணியை அவிழ்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் மலையடியில் யாருக்காவது கேட்டிருக்கும். கொடுக்கவில்லை. கொடுத்தால் முதல் பேச்சு 'காப்பாத்துங்க' என்று போய்விடும், கருப்பாயிக்காக வைத்திருந்த பேச்சு வீணாகிவிடும் என்று நினைத்திருப்பான். பைத்தியக்காரப் பயல்.

முத்துப்பேச்சி இதை வெளியே சொல்ல மாட்டாள், அந்த வீட்டுச் சோற்றில்தான் இருக்கிறாள். நான் சொன்னால் சூர்யகலா நம்ப மாட்டாள். சர்க்கார் காகிதத்தில் வந்தால் நம்புவாள். அதனால்தான் வந்தேன். ராமரைக் கொன்றது நான்தான். எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் கம்பி விஷயத்தை முதலில் எழுதி, என் மகள் கண்ணில் படும்படி செய்துவிடுங்கள். அவள் அம்மா என்னால் சாகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கருப்பாயி அந்த ராத்திரி நேரத்தில் தோப்புக்குள் எதற்குப் போனாள் என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். ஏட்டையா இதை எழுத வேண்டியதில்லை, குடும்பத்து விஷயம். அன்றைக்கு வெஞ்சனத்தில் உப்பு இல்லை. அதில் ஒரு பேச்சு வந்தது, அவள் எதிர்த்துப் பேசினாள், நான் கை ஓங்கவில்லை. வெளியே போ என்றேன், போனாள். தாழ்ப்பாளைப் போட்டேன். சூர்யகலா எழுந்து வந்தாள், படு என்று அதட்டினேன், படுத்துவிட்டாள். கருப்பாயி ரொம்ப நேரம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். அப்புறம் அவளாகவே நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன், ஐயா? கம்பி கட்டியது சோலைமலைதானே, நான் இல்லையே.